சோப்பு வேர்க்கிறதா, குளியல் பொடி எரிகிறதா? மார்கழி விடுமுறைக் கைவேலைகளில் குறை கண்டு சரிசெய்யும் வழி

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விட்டதும் கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வீட்டு அடுப்படிகளில் சோப்பு, லிப் பாம், மூலிகை எண்ணெய், குளியல் பொடி என்று ஏதாவது ஒன்று தயாராகத் தொடங்கும். கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கக் கொஞ்சம், பொங்கலுக்கு வந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்பக் கொஞ்சம். அதைத் தொடர்ந்து என்னிடம் வரும் புகார்களும் வருஷா வருஷம் ஏறக்குறைய அதேதான். செய்முறைதான் தப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செய்முறை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காரணம் ஈரம். பருவமழை விட்டும் விடாத நாட்கள் இவை. கடற்கரைக் காற்றில் ஈரம், சரியாகக் காயாத பூவில் ஈரம், கழுவித் துடைக்காத பாட்டிலில் ஈரம். ஈரத்துக்கு அடுத்தது எடை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## சோப்பின் மேல் முத்து முத்தாக வேர்க்கிறது

### கடையில் வாங்கிய சோப் பேஸை உருக்கி ஊற்றியது என்றால்

பயப்பட ஒன்றுமில்லை. சோப் பேஸில் கிளிசரின் அதிகம். அது காற்றில் இருக்கும் ஈரத்தைத் தன்பக்கம் இழுக்கும். கடலூர்க் கடற்கரையில், தேவனாம்பட்டினம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்த வீட்டில் ஒரு ராத்திரி போதும்.

ஒரு சோப்பைத் துணியால் துடைத்து, காற்றுப் புகாமல் கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். இன்னொன்றைத் திறந்தே வையுங்கள். காலையில் திறந்து வைத்தது மட்டும் வேர்த்திருந்தால் குற்றம் காற்றின் மேல். மீதி எல்லாவற்றையும் துடைத்துச் சுற்றிவிட்டால் சரி. சுற்றியதும் உள்ளுக்குள்ளேயே வேர்த்திருந்தால் இரண்டில் ஒன்று: சூடு ஆறும் முன்பே சுற்றியிருப்பீர்கள், அல்லது பேஸில் பன்னீர், தேன், பச்சைக் கற்றாழை என்று ஏதாவது சேர்த்திருப்பீர்கள். சோப் பேஸ் தனக்கு வேண்டிய தண்ணீரோடுதான் வருகிறது. மேற்கொண்டு ஊற்றுவதை அது தாங்காது. பூ வேண்டும் என்றால் காய்ந்த பொடியாக, அதுவும் கால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

சீக்கிரம் உறையட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பதை நிறுத்துங்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த சோப்பின் மேல் காற்றின் ஈரம் வந்து படிவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

வேர்த்த சோப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பரிசாகக் கொடுக்க மட்டும் நன்றாக இருக்காது.

### காஸ்டிக் சோடா கரைத்துச் செய்தது என்றால்

அந்தத் துளியை வெறும் விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, காரம் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் பி.எச். தாளில் ஒற்றி எடுங்கள். 9, 10 என்று காட்டினால் மேலே சொன்ன அதே வேர்வைதான். 11, அதற்கு மேல் என்றால் அடுத்த தலைப்பு உங்களுக்கு.

மேற்பரப்பில் வெள்ளை மாவு போலப் படிந்திருப்பது வேறு விஷயம். காற்று பட்டதால் உண்டான சோடா சாம்பல் அது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். அடுத்த முறை ஊற்றியதும் அச்சின் மேல் ஃபிலிம் போட்டு மூடுங்கள்.

## சோப்பு கையை எரிக்கிறது, உடைத்தால் மாவாக உதிர்கிறது, உள்ளே வெள்ளைக் கட்டி தெரிகிறது

எண்ணெய் எடுத்துக்கொண்டது போக காஸ்டிக் சோடா மிஞ்சிக் கிடக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் பயன்படுத்தாதபடி முதலில் தனியே எடுத்து வையுங்கள். குழந்தைகள் லீவில் வீட்டில் இருக்கும் காலம் இது.

வயது. ஊற்றி எத்தனை நாள் ஆகிறது? நாலு வாரம் ஆகாத சோப்பு கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஆறு வாரம் வரை விடுவது நல்லது. பள்ளி விட்ட அன்று ஊற்றிய சோப்பு பொங்கலுக்குத் தயாராகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எப்படியும் தை மாதம் பிறந்துவிடும். பொங்கலுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் கார்த்திகையிலேயே ஊற்றியிருக்க வேண்டும். அது நடக்கவில்லையா, சோப் பேஸ் இருக்கவே இருக்கிறது.

அளவு. எண்ணெயை எடை போட்டீர்களா, பாக்கெட்டைப் பிரித்து அப்படியே ஊற்றினீர்களா? நான் பார்த்தவரை பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 500 மில்லி தேங்காய் எண்ணெய் 500 கிராம் இல்லை, ஏறக்குறைய 460 கிராம்தான். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 18 கிராமுக்குச் சற்று அதிகமாகக் காஸ்டிக் சோடா பிடிக்கும். 500 கிராமுக்கு, ஐந்து சதவீதம் குறைத்துப் போட்டால் 87 கிராம். ஆனால் 460 கிராம் எண்ணெயால் முழுசாக எடுத்துக்கொள்ள முடிவதே 84 கிராம்தான். பாதுகாப்புக்காக விட்ட ஐந்து சதவீதமும் போய், மூன்று கிராம் சோப்பிலேயே நிற்கிறது.

எண்ணெய் மாற்றம். "தேங்காய் எண்ணெய் விலை ஏறிப்போச்சு, பாதி நல்லெண்ணெய் ஊத்திட்டேன் அண்ணி" என்று சொன்னால், காஸ்டிக் சோடாவைக் குறைத்தாயா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நல்லெண்ணெய் 100 கிராமுக்கு 13½ கிராம்தான் கேட்கும். விளக்கெண்ணெய் இன்னும் கொஞ்சம் குறைவு. 500 கிராமையும் நல்லெண்ணெயாக மாற்றிவிட்டு அதே 87 கிராமைப் போட்டால் ஏறக்குறைய இருபது கிராம் மிஞ்சும். அது துணி கூடத் துவைக்க லாயக்கில்லை.

தராசு. பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.7 கிராம். பத்து நாணயங்களை வைத்தால் தராசு 77 காட்ட வேண்டும். 74 அல்லது 80 என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அதற்குப் பிறகும் தப்பாகக் காட்டினால் தராசையே மாற்றுங்கள். கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பித் தந்த நாணயங்களுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கட்டும்.

எவ்வளவு மிஞ்சியது என்று கணக்குத் தெரிந்தால் சோப்பைக் காப்பாற்றலாம். கையுறை போட்டுத் துருவி, விட்டுப்போன எண்ணெயைச் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கூழாகும்வரை கிளறி மறுபடி அச்சில் போடுங்கள். மேலே சொன்ன நல்லெண்ணெய்க் கணக்கில், பாதுகாப்புக்கான ஐந்து சதவீதத்தையும் சேர்த்து, இன்னும் 180 கிராம் எண்ணெய் வேண்டியிருக்கும். கணக்கு தெரியவில்லை, எதை எவ்வளவு போட்டோம் என்றே நினைவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். வாசனைக்காகச் செலவழித்த காசைப் பார்க்க வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது. காஸ்டிக் சோடா தண்ணீர் தோலில் தெறித்தால் குழாயைத் திறந்து, குறைந்தது இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு அதே போல் விடாமல் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். புதுச்சேரி, கடலூர் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மரும் இருக்கிறது. காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடக் கூடாத விஷயம் இது.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடாவோடு அது பொங்கி, தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை வெளிவிடும். எவர்சில்வரோ தடித்த பிளாஸ்டிக்கோ எடுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

## சோப்பு உறையவே இல்லை, மேலே எண்ணெய் மிதக்கிறது

இது மார்கழிக்கே உரிய கோளாறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். இங்கே விடியற்காலை அதற்கும் கீழே இறங்கும். பாதி உறைந்த எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் ஐந்தே நிமிடத்தில் கெட்டியாகி, "வந்துவிட்டது" என்று தோன்றும். வந்திருக்காது. எண்ணெய்தான் உறைந்திருக்கும். பகலில் வெயில் ஏறியதும் அச்சுக்குள் எண்ணெய் தனியாக, காரத் தண்ணீர் தனியாக நிற்கும்.

எண்ணெயைக் கண்ணாடி போல் தெளியும்வரை சூடாக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது, அதாவது 40 டிகிரி அளவில் கலக்கினீர்களா? இல்லை என்றால், பிரிந்து நிற்பதைக் கையுறையோடு பாத்திரத்தில் திருப்பிக் கொட்டி, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி, ஹேண்ட் பிளெண்டரால் மறுபடி அடியுங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும். கரண்டியால் கிண்டுகிறவர்கள் முக்கால் மணி நேரம் விடாமல் கிண்டத் தயாராக இருக்க வேண்டும்.

சூடு சரியாக இருந்தும் சோப்பு நாள் கணக்கில் கொழகொழவென்றே இருக்கிறது என்றால் காஸ்டிக் சோடா டப்பாவைத் திறந்து பாருங்கள். செதில்கள் தனித்தனியாகச் சலசலவென்று விழ வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக, பிசுபிசுவென்று இருந்தால் அது ஐப்பசியிலிருந்தே காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் 87 கிராம் என்று நிறுத்தியதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். அந்த டப்பாவை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக, சீல் பிரிக்காததாக வாங்குங்கள். கெமிக்கல் கடையில் சோப்புக்கு என்று கேட்டு வாங்குவதே சரி. சாக்கடை அடைப்பு எடுக்க விற்கும் பாக்கெட்டில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்.

## பூ போட்டும் நிறம் வரவில்லை

செம்பருத்தியும் ரோஜாவும் பீட்ரூட்டும் காரத்தில் நிற்காது. காஸ்டிக் சோடா சோப்பில் போட்டால் பழுப்பாகத்தான் போகும். அது உங்கள் தப்பு இல்லை. மஞ்சள் முதலில் ரத்தச் சிவப்பாகி வயிற்றைக் கலக்கும், அப்புறம் மெல்ல ஆரஞ்சு, மஞ்சள் என்று இறங்கி வரும். வெயில் பட்டால் வெளிறும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சிவப்பாக்கும் வேம்பாளம் பட்டை லிப் பாமில் நல்ல சிவப்பைக் கொடுக்கும், சோப்பில் ஊதாப் பக்கம் திரும்பிவிடும். நிறம் மாறாமல் நிற்க வேண்டும் என்றால் முல்தானி மட்டி, கரித்தூள், அவுரிப் பொடி. அவ்வளவுதான்.

## மூலிகை எண்ணெயில் வாடை, பூசணம், அடியில் கலங்கல்

முதலில் ஒன்று: காலையில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருப்பது கோளாறு இல்லை. கலப்படமும் இல்லை. மார்கழியில் உறையாத தேங்காய் எண்ணெயைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்தால் நல்ல தேங்காய் எண்ணெய் முழுக்க உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும்.

வாடை என்றால் எந்த வாடை என்று பாருங்கள்.

### புளித்த, ஊசிப்போன வாடை. மேலே பஞ்சு போலப் பூசணம்

தழையின் ஈரம் எண்ணெயில் தங்கிவிட்டது. கரிசலாங்கண்ணி, மருதாணி, கறிவேப்பிலை, செம்பருத்தி எதுவானாலும் பறித்து, கழுவி, ஈரத்தோடு போட்டால் இதுதான் கதி. கற்றாழை இன்னும் மோசம்.

காய்ச்சியது போதுமா என்று பார்க்க வீட்டுப் பெரியவர்கள் செய்யும் சோதனைக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. பருத்தித் திரி ஒன்றை எண்ணெயில் நனைத்து, அடுப்பை விட்டுத் தள்ளி வந்து கொளுத்துங்கள். படபடவென்று வெடித்துத் தெறித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் நின்று எரிந்தால் போதும். அடியில் தங்கும் கசடையும் விரலால் எடுத்துப் பார்க்கலாம். சேறு போல் வழுவழுத்தால் ஆகவில்லை. உருட்டினால் மெழுகு போல் திரண்டாலும், அதைத் தாண்டி மணல் போல் நறநறத்தாலும் ஈரம் போய்விட்டது. கருகி வாடை வந்தால் பதம் தப்பிவிட்டது.

வாடை இல்லை, லேசான கலங்கல் மட்டும் என்றால் மறுபடி சிறு தீயில் காய்ச்சி, சலசலப்பு அடங்கியதும் இறக்கி, ஆறவிட்டு, வடிகட்டி வெயிலில் காய்ந்த பாட்டிலில் ஊற்றுங்கள். பூசணம் பூத்துவிட்டால் காய்ச்சிக் காப்பாற்றுவது என்ற பேச்சே இல்லை. கொட்டுங்கள்.

### பழைய முறுக்கு போலச் சிக்கு வாடை

எண்ணெய் தானே கெட்டுப்போகிறது. வாங்கும்போதே பழசாக இருந்திருக்கலாம், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருக்கலாம். புது எண்ணெயை அதில் கலந்து ஒப்பேற்றினால் புதியதும் கெடும். கெட்ட எண்ணெயில் சோப்புச் செய்தால் சில வாரத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும்.

தழை பறிக்கும் நாளில் வெயில் இல்லையா? நிழலில், ஃபேனுக்கு அடியில் துணி விரித்து, சுருண்டு மொறுமொறுக்கும்வரை விடுங்கள். காயவே இல்லை என்றால் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சரக்காகவே வாங்குவது புத்திசாலித்தனம். வெட்டிவேர் மட்டும் இங்கே கவலை இல்லை. கடலூரை ஒட்டிய நொச்சிக்காடு மணல்வெளிகளில் விளைவதே கிடைக்கும். மண்ணை உதறிக் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் எண்ணெயில் போட வேண்டும். வேருக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, இரண்டாக முறித்தால் தெரியும். டக்கென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்து கொடுத்தால் இல்லை.

## லிப் பாம் காலையில் கல், மத்தியானம் குழம்பு

விடியலுக்கும் நண்பகலுக்கும் இங்கே எட்டு, ஒன்பது டிகிரி வித்தியாசம் வரும். வெறும் தேங்காய் எண்ணெயை நம்பிச் செய்த லிப் பாம் அந்த இடைவெளியில்தான் மாட்டுகிறது. ஒரு பங்கு தேன்மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய், எடையில். தேங்காய் எண்ணெயில் பாதியை நல்லெண்ணெயோ பாதாம் எண்ணெயோ ஆக்கினால் காலை கல்லாவது குறையும். மத்தியானம் இளகினால் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஊற்றும் முன் ஒரு சொட்டை ஸ்பூனில் விட்டு ஃபிரிட்ஜில் இரண்டு நிமிடம் வைத்து, வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் உதட்டில் தடவிப் பாருங்கள். அப்போதே சரிசெய்துவிடலாம். ஊற்றிய பிறகு தெரிந்தால் திரும்ப உருக்கலாம், நஷ்டமில்லை.

மணல் போல் நெருடினால் அதில் கோகம் வெண்ணெயோ ஷியா வெண்ணெயோ இருக்கும். மெதுவாக ஆறினால் அவை பொடிப் பொடியாகக் கட்டும். முழுக்க உருக்கி, சட்டென்று ஃபிரிட்ஜில் ஆறவிட்டால் போய்விடும்.

எத்தனை முறை அளவை மாற்றினாலும் சரிவரவில்லை என்றால் மெழுகைச் சந்தேகப்படுங்கள். தேன்மெழுகை விரல் சூட்டில் பிசைந்தால் நெகிழும், தேன் வாசனை வரும். மெழுகுவர்த்தி மெழுகு வாசனையில்லாமல் உதிரும்.

## கற்றாழை கிரீம் பிரிகிறது, நிறம் மாறுகிறது, வாடை வருகிறது

### மேலே எண்ணெய், கீழே தண்ணீர்

கற்றாழையையும் தேங்காய் எண்ணெயையும் மிக்ஸியில் அடித்தால் வெண்ணெய் போல வரும். பார்க்க அழகு. இரண்டு நாளில் பிரியும். இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போட எமல்சிஃபையிங் வேக்ஸ் வேண்டும். தேன்மெழுகு தனியாக அந்த வேலையைச் செய்யாது. வேக்ஸ் போட்டும் பிரிந்தால் சூட்டைப் பாருங்கள். தண்ணீர்ப் பக்கமும் எண்ணெய்ப் பக்கமும் இரண்டுமே 70 டிகிரியில் இருக்கும்போது சேர்த்து, ஆறும்வரை அடிக்க வேண்டும். ஒன்று சூடாக, ஒன்று ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தால் வேக்ஸ் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகும் பிரிந்தால் வேக்ஸின் அளவு போதவில்லை. எண்ணெயின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போடுங்கள்.

### பழுப்பு, இளஞ்சிவப்பு, கரும்புள்ளி, புளித்த வாடை

தண்ணீர் சேர்ந்த எதுவும் கெடும். விட்டமின் ஈ கேப்ஸ்யூலை உடைத்து ஊற்றியாயிற்றே என்பார்கள். அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டிருக்கிறோம் என்பதும் பதில் ஆகாது. பிரிசர்வேடிவ் இல்லாத கிரீமை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று, நாலு நாளில் தீர்த்துவிட வேண்டும். விரலை விட்டு எடுக்காமல் ஸ்பூனால் எடுங்கள்.

கரண்ட் போன கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பல இடங்களில் மின்சாரம் நின்றது. மார்கழிக்குள் இன்னொரு புயல் வராது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 2011இல் தானே புயல் டிசம்பர் 30 அன்று வந்தது. ஃபிரிட்ஜ் பாதி நாள் நின்றிருந்தால் உள்ளே இருந்த கற்றாழைப் பொருளை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள். கெட்டது எல்லாம் வாடை அடிக்கும் என்று இல்லை.

கற்றாழை புதிதாக இருந்தும் கிரீம் அரித்தால், மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலை வடியவிட்டீர்களா என்று பாருங்கள். மடலை கால் மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, அப்புறம் ஜெல்லை எடுத்துக் கழுவ வேண்டும்.

பக்கத்து வீட்டார் காசு கொடுத்து வாங்குகிறேன் என்று சொல்லும் கட்டத்தில் விஷயம் அடுப்படியைத் தாண்டிவிடுகிறது. விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி உரிமம் வேண்டும். கடலூர்க்காரர்கள் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும், புதுச்சேரிக்காரர்கள் அங்குள்ள துறையிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷினும் லேபிளும் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

## குளியல் பொடி எரிகிறது

பயத்தம்பருப்பு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கார்போக அரிசி என்று எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிக் காயவைத்திருப்பார்கள். குழந்தைக்குத் தேய்த்ததும் வீல் என்று கத்தும். சரக்கைச் சந்தேகப்படும் முன் ஒரு கேள்வி: மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள்?

பொங்கலுக்கு முந்திய வாரங்களில் மில்லில் மிளகாயும் மல்லியும் ஓயாமல் ஓடும். கல்லில் ஒட்டிய மிளகாய்த் தூள் முதல் கைப்பிடி மாவோடு வரும். பொடியில் ஒரு சிட்டிகையை ஈரமான முழங்கை மடிப்பில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். காந்தினால் மிளகாய்தான். முகர்ந்தால் தும்மல் வருவதும் ஒரு அடையாளம். அந்தப் பொடியைச் சலித்துப் பயனில்லை, மிளகாய்த் தூளும் சேர்ந்தே சலிக்கும். அடுத்த முறை காலையில் மில் திறந்ததும் போங்கள், அல்லது "அண்ணே, அரிசி ஓட்டினப்புறம் என்னுதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, உங்கள் சரக்கிலேயே முதல் இரண்டு கைப்பிடியை ஓட்டித் தனியே எடுத்துவிடுங்கள். குறைந்த அளவுக்கு வீட்டு மிக்ஸி போதும். அந்த ஜாரிலும் நேற்று என்ன அரைத்தோம் என்று யோசியுங்கள்.

### எரியவில்லை, குத்துகிறது

வெட்டிவேர் நாரும் பூலாங்கிழங்குச் சில்லும்தான். மாவுச் சல்லடை போதாது. மெல்லிய பருத்தித் துணியை டப்பாவின் வாயில் கட்டி அதன் மேல் தேய்த்துச் சலியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வஸ்திரகாயம் செய்வது என்பார்கள். மிஞ்சும் திப்பியைக் குதிகால் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

### கட்டி கட்டுகிறது, வண்டு வைக்கிறது

அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைத்திருப்பீர்கள், அல்லது பருப்பு நன்றாகக் காயவில்லை. அகலத் தட்டில் கொட்டி ஆற வைத்து, காய்ந்த டப்பாவில் போடுங்கள். மழையாக இருந்தால் பருப்பை மட்டும் வெறும் வாணலியில் லேசாகச் சூடேற்றலாம். பூவை வறுக்கக் கூடாது. குளியலறையில் டப்பாவோடு வைத்து ஈரக் கையால் எடுப்பதுதான் நிறைய வீடுகளில் நடக்கிறது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போங்கள். பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் வெயிலில் வைத்தும் பயனில்லை.

## தோல் சிவக்கிறது, அரிக்கிறது, வீங்குகிறது

உடனே நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு மூலிகை செய்த வேலையைச் சரிசெய்ய இன்னொரு மூலிகையைப் போடுவதுதான் வழக்கமான அடுத்த தப்பு.

போட்ட நிமிடமே எரிச்சல் என்றால் அளவு அல்லது காரம். பட்டை, கிராம்பு, புதினா எஸன்ஷியல் ஆயில்கள் இதில் முதலிடம். முகத்துக்கு என்றால் மொத்த எடையில் ஒரு சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், அதாவது 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 சொட்டு. பட்டையும் கிராம்பும் முகத்துக்கு அறவே வேண்டாம். கைக்குழந்தைக்குச் செய்யும் எதிலும் கற்பூரம் சேர்க்காதீர்கள்.

ஒரு நாள் கழித்து அரிப்பு, பொரிப்பொரியாக என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் தனித்தனியாக, முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டளவு வைத்து இரண்டு நாள் பாருங்கள். முதல் அரிப்பு முழுக்க அடங்கிய பிறகுதான் இந்தச் சோதனை. இயற்கை என்பதால் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை, முந்திரி ஓட்டெண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று பண்ருட்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வெயிலில் போய் வந்த பிறகு திட்டுத் திட்டாகக் கறுப்பு என்றால் எலுமிச்சையைத் தேடுங்கள். எலுமிச்சைச் சாறோ தோலோ முகத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போலவே ஆகி, கறை மாதக் கணக்கில் நிற்கும்.

இரண்டு, மூன்று நாளில் அடங்காவிட்டாலும், கொப்புளம் வந்தாலும், நீர் வடிந்தாலும் தோல் டாக்டரைப் பாருங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வெள்ளைப்படுத்தும் கிரீம்களைத் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அவற்றில் ஸ்டீராய்டு இருப்பது சாதாரணம். உதடு, கண் இமை வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும், என்னென்ன எவ்வளவு சேர்த்தீர்கள் என்று எழுதிய தாளையும், சரக்கு வந்த பாக்கெட்டுகளையும் எடுத்துப் போங்கள். "எல்லாம் மூலிகைதான் டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.